புறங்கை வைக்கும் டீச்சர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று டீச்சர் உட்காரவே இல்லை. என் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு சாயா போட உள்ளே போனாள். டீச்சர் அவள் பின்னாலேயே அடுக்களைக்குப் போய் ஃப்ரிட்ஜின் விலாவில் புறங்கையை வைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கண்ணை லேசாக மூடிக்கொண்டார். பிறகு அதன் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார்.

"சுவரோட சேத்து வச்சிருக்கியளே அக்கா. இதுக்கு மூச்சு முட்டுது. ஒரு சாண் முன்னால தள்ளிப் போடணும்."

பின்னால் பல்லி குடும்பம் நடத்துகிறது, ஃப்ரிட்ஜை நகர்த்துங்கள் என்று என் மனைவி என்னிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன காலம் அது. அன்றைக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. நானும் விருந்தாளியுமாகச் சேர்ந்து நகர்த்தினோம். அதற்குள் சாயா ஆறிவிட்டது. டீச்சர் அந்தத் தம்ளரைக் கையில் எடுத்து, "சூடு இருக்கவேண்டிய எடத்துல இல்ல, இருக்கக்கூடாத எடத்துல இருக்கு. வீணுண்ணு சொல்றது இதைத்தானாக்கும் சாரே" என்றார். என் ஃப்ரிட்ஜைப் பற்றியா சாயாவைப் பற்றியா என்று எனக்கு விளங்கவில்லை. ஆறின சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். வந்த காரியம் என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை.

கேரளத்தின் தென்கோடியில், உதியன்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்து போகிற தூரத்தில் எங்கள் கல்லூரி. நான் அங்கே வணிகவியல். டீச்சர் இயற்பியல் கெஸ்ட் லெக்சரர், அதாவது வருஷா வருஷம் வேலை உண்டா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர். நிரந்தர வேலைக்கான வயது வரம்பு வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. அவருக்கு ஊர் காரோடு என்ற கிராமத்துக்கு அப்பால் கடற்கரை. அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். "காத்து இருக்கும்போ எஞ்சினை நிறுத்தாதவன் கடலுக்குப் போகக்கூடாதுண்ணு எங்க அப்பா சொல்லுவாரு" என்று அடிக்கடி சொல்வார். ஒருநாள் அவர் அண்ணனைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். அப்பா அப்படியெல்லாம் சொன்னதே கிடையாது, அப்பா எஞ்சினை நிறுத்தவே மாட்டார் என்றார் அவர்.

டீச்சரின் வலது புறங்கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆசிரியர் அறையில் போன் இல்லாமல் தனியே தொங்கும் சார்ஜர்மேல் போகும். பிரின்சிபலின் அறைக்குள் நுழைந்தால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஜன்னல் இடுக்குக்குப் போகும், ஏ.சி. காற்று வெளியே கசிகிறதா என்று பார்க்க. ஒருமுறை பேச்சுவாக்கில் பிரின்சிபலின் நெற்றியிலேயே வைத்துவிட்டார். அவருக்கு உண்மையாகவே காய்ச்சல் இருந்தது, அதனால் டீச்சர் பிழைத்தார்.

நாலு வருஷ டிகிரி வந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பாடத்துக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் படித்தே தீரவேண்டும் என்று ஆயிற்று. வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள் வந்து விழும் பாடம் ஒன்று எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எங்கள் கல்லூரியில் அது டீச்சர் நடத்திய எரிசக்திச் சிக்கனம். மலையாள இலக்கியம், சரித்திரம், வணிகவியல், விலங்கியல் என்று பலசரக்குக் கடை மாதிரி ஒரு வகுப்பு. பாதிப்பேர் பத்தாம் வகுப்போடு கணக்கைத் தலைமுழுகியவர்கள். கணக்குக்கு ஒரு ஆள் துணை இருக்கட்டும் என்று என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்துவேன்.

முதல் வகுப்பில் டீச்சர், "எனர்ஜிண்ணா என்ன?" என்று கேட்டார். "அதிகாரம்" என்றான் சரித்திரக்காரன். "குளுக்கோஸ்" என்றது விலங்கியல். "மூலதனம்" என்று என் பிள்ளைகள் சொன்னார்கள். மலையாள இலக்கியத்துப் பெண் எழுந்து நின்று, "பிரேமம்" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நாலையும் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினார்.

"எல்லாம் சரியாக்கும். இனி சொல்லுங்க மக்கா, உங்க உங்க எனர்ஜி எங்க வீணாப் போகுது?"

அதோடு வகுப்பு சந்தையாகிவிட்டது. சரித்திரக்காரன், போருக்குப் போகும் யானை தின்பதில் பெரும்பகுதி யானை தன்னைத்தானே சுமக்கத்தான் செலவாகிறது என்றான். டீச்சர் மேசையைத் தட்டினார். "அதுதாம்லே காரு! ஒத்த ஆளைக் கொண்டுபோக அம்புட்டு இரும்பையும் சேத்துச் சுமக்கோம்." இலக்கியப் பெண் தயங்கித் தயங்கி, பதிலே போடாத ஒருத்தனுக்குத் தினமும் மெசேஜ் அனுப்புவதைச் சொன்னாள். "டி.வி.யை ரிமோட்டுல அணைச்சாலும் ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சிட்டே கெடக்குமே, அது. பிளக்கைப் பிடுங்கு மக்கா" என்றார் டீச்சர். அவள் அங்கேயே போனை எடுத்து அவனை பிளாக் செய்தாள். அவன் அதே வகுப்பில் விலங்கியல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பிறகு வெகுநாள் அவன் டீச்சரிடம் பேசவில்லை.

எங்கள் ஆபீஸ் கிளார்க்கின் அப்பா இறந்தபோது காஞ்சிரங்குளத்துக்குப் போனோம். வாடகைக்கு எடுத்த கண்ணாடி ஃப்ரீசர் பெட்டியில் பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். வரிசையில் போய் மாலை போட்டுவிட்டு நகரவேண்டியதுதான். டீச்சர் நகரவில்லை. அவர் புறங்கை பெட்டியின் மூடி ஓரமாக ஊர்ந்து போவதை நான் பார்த்தேன். "டீச்சர், வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் செருகினார். தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. வெளியே எடுத்து இன்னொரு மூலையில் செருகினார். அங்கேயும் போயிற்று. "ரப்பர் போச்சு. குளிரெல்லாம் வெளிய போகுது" என்று என் காதில் சொன்னார்.

பின்னால் நின்ற மார்த்தாண்டத்துச் சொந்தக்காரர் ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். இது கேரளத்துப் பக்கத்துச் சடங்கு போல என்று நினைத்து, தன் சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து பயபக்தியோடு செருகி எடுத்தார். அவரைப் பார்த்த நெய்யாற்றின்கரைக்காரர்கள், அது தமிழ்நாட்டுப் பக்கத்துச் சடங்கு, விட்டுவிட்டால் அவர்களுக்கு மனவருத்தமாகும் என்று எண்ணி அவர்களும் ஆளுக்கொரு டிக்கெட்டை எடுத்தார்கள். வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. பைக்கில் வந்தவர்கள் டிக்கெட் இல்லாமல் தவித்தார்கள். கிளார்க் என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு ரெண்டு பக்கத்துலயும் எவ்வளவு மரியாதை பாத்தியளா சாரே" என்றார். நான் பார்த்தேன் என்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கமிட்டி வரப்போகிறது என்று தாக்கீது வந்தது. இப்படிப்பட்ட உதிரிப் பாடங்களால் கண்ணுக்குத் தெரியும் பலன் என்ன என்று பார்ப்பார்களாம், பலன் இல்லாததை எடுத்துவிடுவார்களாம். டீச்சரின் பாடத்துக்குப் பலன் என்றால், வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு மின்சாரச் செலவு மொத்தத்தில் கால்வாசியாவது குறைய வேண்டும். குறைந்தால் பாடம் உண்டு, பாடம் இருந்தால் டீச்சருக்கு வேலை உண்டு. குறையாவிட்டால் இரண்டும் இல்லை. பிரின்சிபல் இதை ஏ.சி.யை அணைத்து வைத்துக்கொண்டு அவரிடம் சொன்னார், மரியாதைக்காக.

டீச்சர் வீடு வீடாகப் போனார். மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் மீட்டரெல்லாம் படுத்துவிட்டது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. டீச்சர் கேன்டீனில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டு மீட்டரும் குறைந்திருந்தது. அன்று ஃப்ரிட்ஜை ஒரு சாண் நகர்த்தியதன் மகிமை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாலு வீட்டில் என் பேச்சைக் கேட்டு ஃப்ரிட்ஜை நகர்த்தினார்கள்.

கமிட்டி வருவதற்குச் சில நாட்கள் முன்பு சரித்திரக்காரன் வீட்டுக்கு நானும் டீச்சரும் போனோம். அவன் அம்மா சுடச்சுட இட்லி கொண்டுவந்து வைத்தார். டீச்சர் ஒரு விள்ளல் வாயில் போட்டார். கை தானாகவே அருகில் இருந்த கிரைண்டருக்குப் போயிற்று. அடிப்பக்கம் தடவினார். விரலில் தூசி ஒட்டியிருந்தது.

"மாவு எப்பம் ஆட்டினிய?"

"நேத்தைக்கு டீச்சரே."

"இது ஓடி மாசம் ஒண்ணு இருக்குமே."

அந்த அம்மா மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "இதுல ஆட்டல்ல டீச்சரே. ஊரம்பு தாண்டி எங்க அக்காவுக்க வீட்டுல. அங்க தமிழ்நாடாக்கும், ஓரளவு வரைக்கும் கரண்டு சும்மா. நீங்க கொறைக்கணும்ணு சொன்னிய, நாங்க கொறைச்சாச்சு. எல்லாப் பிள்ளைகளுக்க அம்மைமாரும் அங்கதான் வாறாவ. நாங்களே வாட்ஸப்புல சொல்லி வரவழைச்சோம்."

டீச்சர் தட்டைக் கீழே வைத்தார். "சாரே, வண்டியை எடுங்க" என்றார்.

ஊரம்பு எல்லையோர ஊர். அதைத் தாண்டி ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. மறுபக்கத்தில் ஒரு மாடி வீடு. வாசலில் கல்யாண வீடு மாதிரி செருப்புகள் கிடந்தன. உள்ளே கூடத்தில் ஊறவைத்த அரிசிப் பானைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கிரைண்டர்கள் கடகடவென்று ஓடின. ஒரு மூலையில் வீடுகளிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்த இன்வெர்ட்டர் பேட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. சுவரோரம் போன்கள் வரிசையாகக் கிடந்தன. கட்டிலின்மேல் துணி விரித்து ஒரு பெண் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை எனக்குத் தெரிந்த சட்டையாக இருந்தது. அவள் திரும்பினாள். என் மனைவி.

"பின்னே, ஃப்ரிட்ஜை நவுத்தினா கரண்டு பாதியாயிருமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

வீட்டுக்காரப் பெரியம்மை எழுந்து வந்தார். சரித்திரக்காரனுக்குப் பெரியம்மை, அதனால் எல்லோருக்கும் பெரியம்மை. அறுபது வயதுக்கு மேலிருக்கும். டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க மக்கா, இரியுங்க. உங்க பாடத்தாலதான் எனக்க வீட்டுல இப்பம் ஆளும் பேச்சும் உண்டு. மக்கமாரு ரெண்டுபேரும் கல்ஃபுல. வீட்டுக்காரரு கண்ணை மூடி மூணு வருஷம் ஆகப்போகுது."

"உங்களுக்கு பில்லு கூடுமே பெரியம்மை."

"கூடட்டு. எனக்கு ஆளு வேணும்."

டீச்சரின் புறங்கை அதற்குள் எக்ஸ்டென்ஷன் பெட்டிமேல் போயிருந்தது. மறுகணம் சுட்டுக்கொண்டதுபோல எடுத்தார். "எல்லாத்தையும் பிடுங்குங்க! வயரு இளகுது!" என்று கத்தினார். பெண்கள் பதறிப்போய்ப் பிடுங்கினார்கள். கிரைண்டர்கள் நின்றதும் வீடு அமைதியாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. மாடியிலும் உள்ளறைகளிலும் ஆட்கள் பேசும் சத்தமும் சண்டை போடும் சத்தமும் கேட்டது. மூன்று அறைகளில் மூன்று டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எந்த அறையிலும் ஆள் இல்லை.

டீச்சர் ஒரு அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

"எங்கயும் கொறையல்ல சாரே. எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

"கமிட்டி இந்தச் சந்து தாண்டி வராது டீச்சரே. நமக்குள்ள இருக்கட்டு."

"சந்து தாண்டினா கரண்டு கரண்டு இல்லாம ஆயிருமா?"

கமிட்டி வந்த அன்று திருவனந்தபுரத்துத் தலைவர் கணக்கைப் பார்த்துவிட்டுக் குளிர்ந்துபோனார். பாதிக்குப் பாதியா, அபாரம், எல்லாக் கல்லூரிக்கும் இந்தப் பாடத்தைக் கொண்டுபோகலாம் என்று மலையாளத்தில் புகழ்ந்தார். டீச்சர் எழுந்து, ஒரு வீடு விட்டுப்போயிருக்கிறது என்றார். பெரியம்மை வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அந்த வீட்டையும் சேர்த்தால் ஒன்றும் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது என்றும் சொன்னார். பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

தலைவர், "அது தமிழ்நாடு. தமிழ்நாட்டு மின்சாரம் நம் பல்கலைக்கழக எல்லைக்குள் வராது. விட்டுவிடுங்கள்" என்றார். இன்னொரு உறுப்பினர், வேண்டுமானால் அந்த அரசுக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். மூன்றாமவர் சாப்பாடு எப்போது என்று கேட்டார். டீச்சர் நகரவில்லை. "எனக்க பிள்ளைகளுக்க மாவு அங்கதான் அரையுது. அதையும் சேக்கணும் சார்." கடைசியில் தலைவர் எரிச்சலோடு, அப்படியானால் அந்த வீட்டையும் சேர்த்தே கால்வாசி குறைத்துக் காட்டுங்கள், இந்த மாதக் கடைசிவரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அதன்பிறகு நடந்ததுதான் நான் பார்த்த ஒரே உண்மையான வகுப்பு. டீச்சர் வகுப்பையே பெரியம்மை வீட்டுக்குக் கொண்டுபோனார். எலெக்ட்ரீஷியனை வைத்துத் தடித்த வயர் போட்டார்கள். என் பிள்ளைகள் கிரைண்டர்களில் இரண்டை நிறுத்திவிட்டு, பெரிய கிரைண்டர் ஒன்றில் மட்டும் நிறைய நிறைய ஆட்டுவதற்கு முறை வைத்தார்கள். காய்ந்த இஸ்திரிப்பெட்டி ஆறுவதற்குள் அடுத்த வீட்டுத் துணி வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. விலங்கியல் பையன் ஃப்ரிட்ஜின் பின்னால் எலிக்கூட்டைக் கண்டுபிடித்து, எலியின் லத்தீன் பெயரையும் சொன்னான். அன்றைக்குத்தான் இலக்கியப் பெண் அவனை மறுபடி அன்பிளாக் செய்தாள். மீட்டர் இறங்க ஆரம்பித்தது. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்து, வேடிக்கையாக இருக்கிறது சாரே, எல்லோரும் தனித்தனியாக ஆட்டுவதைவிட இங்கே சேர்ந்து ஆட்டினால் உண்மையிலேயே குறைகிறது என்றார். குழந்தைபோலச் சிரித்தார். இனி அந்த மூன்று டி.வி.யும் நின்றால் போதும்.

பெரியம்மை மகன்மார் அறைகளிலிருந்த இரண்டையும் அணைக்கச் சம்மதித்தார். "அவனுவ போன்ல பேசுவானுவ, அது மதி, அது போதும்" என்றார். மூன்றாவது அவர் கணவரின் அறையிலிருந்த டி.வி. பின்னால் வயிறு புடைத்த பழைய காலத்துப் பெட்டி, கரண்டை யானைபோலத் தின்கிறது. எந்நேரமும் அதில் செய்திச் சேனலில் நாலுபேர் விவாதம் என்ற பெயரில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவரு இதைப் பாத்துச் சண்ட போடுவாரு மக்கா. இவனுவ ஒண்ணு சொன்னா அவரு ஒண்ணு சொல்லுவாரு. நான் அடுக்களையில இருந்து, இம்புட்டு சத்தம் எதுக்கு, அணையுங்கண்ணு கெடந்து கூவுவேன். அவரு போன அன்னு யாரோ அணைச்சானுவ. எனக்கு இந்த வீட்டுல நிக்க முடியல்ல. போயி போட்டுட்டேன்."

டீச்சர் மாற்று வழி பார்த்தார். ரேடியோ ஒன்று வாங்கிக் கொண்டுவந்தார். பெரியம்மை இரண்டு நாள் கேட்டுவிட்டு, "இதுல சண்ட பத்தல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு எல்.இ.டி. டி.வி.யைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பெரியம்மை தலையைச் சாய்த்துக் கேட்டார். பாவம், மனதாரத்தான் கேட்டார். "படம் கொள்ளாம் மக்கா, நல்ல தெளிவா இருக்கு. ஆனா சத்தத்துக்கு வயிறு இல்ல. வீடு நெறையல்ல" என்றார். அது உண்மைதான், தட்டையான டி.வி.க்குத் தொண்டை சிறிதுதான் என்று டீச்சரே ஒப்புக்கொண்டார்.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் டீச்சர் அந்த அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். பெட்டியின் பின்பக்கம் புறங்கையை வைத்தார். தொட முடியாத சூடு இருந்திருக்கும், ஆனாலும் எடுக்கவில்லை. அடுக்களையில் பெரியம்மை எதையோ வதக்கிக்கொண்டிருந்தார். டி.வி.யில் ஒருவன் ஏதோ கத்தினான். பெரியம்மை அங்கிருந்தே, "கள்ளம் பறையாதேடா!" என்று, பொய் சொன்ன பிள்ளையை அதட்டுவதுபோல அவனை அதட்டினார். டீச்சர் கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஸ்விட்சைத் தொடவில்லை.

கணக்குப் பார்த்தால் கால்வாசியை எட்ட ஒரு டி.வி. அளவு பாக்கி நின்றது. அந்த ஒரு டி.வி.யை மட்டும் விட்டுவிட்டு எழுதிக்கொடுங்களேன் என்று தலைவரே போனில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். டீச்சர் மாட்டேன் என்றார். ஒரு கிழவியின் டி.வி.யை அணைக்க வைக்க முடியாத பாடம் எதற்கு என்று கேட்டுத் தலைவர் போனை வைத்துவிட்டார். அடுத்த பருவத்திலிருந்து பாடம் கிடையாது என்று உத்தரவு வந்தது. அந்த நேரத்துக்குத் தன்னம்பிக்கை வளர்ச்சி என்று ஒரு வகுப்பைப் போட்டார்கள். எனக்கு டீச்சர்மேல் கோபம். பிழைக்கத் தெரியாத பொம்பளை என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் எனக்கு இரண்டு நாள் சட்டை தேய்த்துத் தரவில்லை.

பருவத்தின் கடைசி வாரம், டீச்சருக்கும் அதுதான் கடைசி வாரம். நான் பிரின்சிபல் அறையில் ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தேன். ஒரு ஆட்டோ நேராகக் கல்லூரிக்குள் வந்து வாசல்படியோரம் நின்றது. பெரியம்மை இறங்கினார். ஆட்டோக்காரரும் சரித்திரக்காரனும் படுக்கைவிரிப்பில் சுற்றிய ஒரு பெரிய பொருளை மூச்சுவாங்கத் தூக்கிவந்து பிரின்சிபலின் மேசைமேல் வைத்தார்கள். மேசைக் கண்ணாடி கீறல் விட்டது. பெரியம்மை விரிப்பை விலக்கினார். அந்த டி.வி.

"இதாலதான் அந்தப் பிள்ளைக்க வேலை போச்சுண்ணு இவன் இப்பம்தான் சொன்னான். இன்னா, கழத்திக் கொண்டு வந்தாச்சு. உங்க கமிட்டிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அவளுக்க வேலையைத் திருப்பிக் குடுங்க."

பிரின்சிபல் என்னைப் பார்த்தார். நான் டி.வி.யைப் பார்த்தேன். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், டீச்சர் சாக்பீஸ் கையோடு ஓடி வந்தார்.

"இதை எதுக்குக் கழத்தினிய பெரியம்மை?"

"சும்மா ஓடுற டி.வி.தானே மக்கா. அதுக்காச்சுட்டி ஒனக்க சோறு போகணுமா?"

"அது சும்மா ஓடல்ல. நான் பாத்தேன்லா. அது வேலை செய்யுது."

பிரின்சிபல், "என்ன வேலை?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். டீச்சர் டி.வி.யின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "சாரே, அந்தப் பக்கம் பிடியுங்க" என்றார். நான் பிடித்தேன். நல்ல கனம். ஆட்டோவின் பின்சீட்டில் அதை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் டீச்சரும் அந்தப் பக்கம் பெரியம்மையுமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆட்டோ எல்லைப் பக்கமாகத் திரும்பிப் போயிற்று.

டீச்சரின் வகுப்பு பாதியில் நின்றிருந்தது. நான் போய் நின்றேன். நடந்ததைப் பிள்ளைகளிடம் சொன்னேன். மணி அடிக்கப்போகிற நேரத்தில் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"சாரே, கொண்டு வச்சாச்சு. வழியில குலுங்கினதுல கெட்டுப் போச்சோண்ணு பயந்துட்டேன்."

"ஓடுதா டீச்சரே?"

அவர் போனை டி.வி. பக்கம் நீட்டினார். நாலுபேர் கத்தும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே பெரியம்மை யாரையோ கெட்டவார்த்தையில் திட்டுவது கேட்டது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். வகுப்பு முழுவதும் எழுந்து வந்து அதைச் சுற்றி நின்று கேட்டது.